பகிர்வில் தெளிவு

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ளது ஸ்ரீபெரும்புதூர். இராமாநுசர் பிறந்த பெருமையுடையது அவ்வூர். ஆசான் மறைவாக உணர்த்திய மந்திரத்தை அவர் திருக்கோட்டியூரில் உயர்ந்த இடத்தில் ஏறி நின்று, ஊரார் அனைவரும் கேட்குமாறு உரைத்தார் என்பது மரபுவழி வழங்கும் செய்தி. அவ்வூரைச் சூழ்ந்து இன்று தொழிற்சாலைகள் பல எழுந்துள்ளன. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார்களை உருவாக்கத் தொடங்கியது. 2010ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் ஆலை திறக்கப்பட்டது. இத்தகைய பேராலைகளுக்கு உறுப்புகள் செய்து தரும் சிற்றாலைகளும் அப்பகுதியில் நிறைந்துள்ளன. இவ்வாலைகளின் தொழிலும் பகிர்வினாலேயே நடைபெறுகின்றது. ஆயினும் இங்கே எல்லாவற்றையும் எல்லார்க்கும் உரைத்தல் இயலாது. உரியது, உரியவரை, உரிய காலத்தில் சென்று சேர்தல் வேண்டும்.

ஒரு காரில் ஆயிரக்கணக்கான உறுப்புகள் உள்ளன. ஒவ்வோர் உறுப்பும் ஒரு வரைபடத்தைக் கொண்டு செய்யப்படுவது. அவ்வரைபடம் அவ்வப்போது திருத்தப்படும். ஓர் உறுப்பிலுள்ள துளையின் விட்டம் 8 மில்லிமீட்டரிலிருந்து 8.5 மில்லிமீட்டராக மாற்றப்பட்டது எனக் கொள்க. திருத்திய வரைபடம் மின்னஞ்சலில் வருகின்றது. சிற்றாலையின் கணினியிலோ ‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘மெய்யான இறுதி’ என்னும் பெயர்களில் மூன்று கோப்புகள் முன்னரே உள்ளன. இரவு முறைக்கு வந்த தொழிலாளி அவற்றுள் ஒன்றைத் திறந்து வேலையைத் தொடங்குகின்றார். பொழுது விடிவதற்குள் ஆயிரம் உறுப்புகள் உருவாகிவிடுகின்றன. அவையனைத்தும் பழைய அளவின! இரும்பும் மின்சாரமும் வீண். ஓர் இரவின் உழைப்பும் வீண். தொழிலாளியின் கைத்திறனில் குறையில்லை. எது சரியான படி என்று அவருக்கு எவரும் தெளிவாகக் காட்டவில்லை; அதுவே குறை.

இக்குறையை நீக்க வந்த கருவிகளுள் ஒன்று மேகச் சேமிப்பு. மேகம் என்று பெயர் பெற்றிருப்பினும் அது வானத்தில் இருப்பதன்று. பெரிய கூடங்களில் வரிசை வரிசையாக இயங்கும் கணினிகளில் கோப்புகளை வைத்து, இணையத்தின் வழியாக எங்கிருந்தும் எடுத்தாளும் முறையே அது. டிராப்பாக்ஸ் 2008ஆம் ஆண்டிலும், கூகுள் டிரைவ் 2012ஆம் ஆண்டிலும் பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தன. கோப்பின் படிகளைப் பலருக்கு அனுப்புவதற்கு மாறாக, ஒரே கோப்பை ஓரிடத்தில் வைத்து அனைவரும் அதனையே காணுமாறு செய்யலாம். திருத்தம் செய்தவுடன் காண்பவர் அனைவர்க்கும் புதிய வடிவமே தோன்றும்.

எனினும் ஓர் இடர் தீர, வேறோர் இடர் தோன்றிற்று. யார் எதனைக் காண்கிறார் என்பதே பலருக்கு விளங்குவதில்லை. ‘இணைப்பு உள்ள எவரும் காணலாம்’ என்று அமைத்த கோப்பு, திறவுகோலைத் தெருவில் வைத்த வீட்டைப் போன்றது. இணைப்பு கைமாறினால் கோப்பும் கைமாறும். 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் டிராப்பாக்ஸ் நிறுவனம் இத்தகைய குறையொன்றை வெளிப்படையாக அறிவித்தது. பகிரப்பட்ட ஆவணத்தினுள் வேறொரு வலைத்தளத்தின் முகவரி இருந்து, படிப்பவர் அதனைத் தொட்டால், ஆவணத்தின் இணைப்பு அத்தளத்தாருக்குத் தெரிந்துவிடக் கூடியதாக இருந்தது. அந்நிறுவனம் அத்தகைய இணைப்புகளை முடக்கிக் குறையைச் சரிசெய்தது.

கோப்புறையைப் பகிர்வதிலும் கருத்து வேண்டும். ஒரு கோப்புறையைப் பகிர்ந்தால், பின்னர் அதில் இடப்படும் கோப்புகளும் பொதுவாகப் பகிரப்பட்டனவே ஆகும். வரைபடங்களுக்கென்று திறந்துவிட்ட கோப்புறையில் ஒருவர் விலைப்பட்டியலை மறதியாக இட்டுவிட்டால், போட்டி நிறுவனத்தாரும் அதனைக் காணக்கூடும்.

ஆகவே பகிர்வு தெளிவுற அமைய மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். யாருக்கு? எதற்கு? எதுவரை? யாருக்கு என்பதற்கு விடையாக, காண்போர் பெயர்கள் கோப்பின் அருகிலேயே தோன்ற வேண்டும். ‘இதனை வெளியார் மூவர் காண்பர்’ என்று பகிருமுன் ஒரு சொற்றொடர் கூறுமாயின் பிழைகள் பல குறையும். எதற்கு என்பதற்கு விடையாக, கூகுள் டிரைவில் மூன்று நிலைகள் உள்ளன: பார்த்தல், கருத்துரைத்தல், திருத்துதல். துளையிடும் தொழிலாளிக்குப் பார்த்தல் போதும். அளவில் ஐயம் கொண்ட மேற்பார்வையாளருக்குக் கருத்துரைத்தல் வேண்டும். வரைந்த பொறியாளருக்கே திருத்தும் உரிமை உண்டு. எதுவரை என்பதற்கு விடையாக, ஒப்பந்தம் முடியும் நாளில் உரிமையும் முடியுமாறு காலவரம்பு இடும் வசதி சில சேவைகளில் உள்ளது. ஆனால் ஒருவர் முன்னரே தம் கணினியில் இறக்கிக்கொண்ட படியை அது திரும்பப் பெறாது. ஆதலின் கொடுக்குமுன் எண்ணுதலே அறிவுடைமை.

இத்தெளிவு மொழியிலும் வேண்டும். இத்தொழிற்பகுதியில் தமிழ்நாட்டாருடன் ஒடிசா, பீகார் முதலிய மாநிலத்தாரும் பணி புரிகின்றனர். ‘பார்க்க மட்டும்’, ‘திருத்தலாம்’ என்பன போன்ற எளிய சொற்கள் அவரவர் தாய்மொழியில் திரையில் தோன்றுமாயின், கணினி கற்றவர் ஒருவரை நாடி நிற்க வேண்டிய நிலை இராது. கோப்பின் பெயரிலும் ‘இறுதி’ என்னும் சொல்லை விடுத்து, உறுப்பின் எண்ணையும் திருத்தத்தின் எண்ணையும் நாளையும் எழுதுதல் நலம். பல சேவைகள் பழைய வடிவங்களைக் குறிப்பிட்ட காலம்வரை காத்து வைக்கின்றன. திருத்தியவர் யார் என்பதையும் காட்டுகின்றன. அதனால் பிழை நேரினும் அதன் தோற்றுவாயை அறிந்து திருத்த இயலும்.

பள்ளியில் ஒரு செயல்திட்டத்தைக் கூடிச் செய்யும் மாணவர்க்கும் இவ்விதிகள் பொருந்தும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் அறியாது அழித்துவிட்டால் நட்பும் குலையும் அன்றோ? பகிர்பவர் தம் கருத்தைத் தெளிவாகக் காட்டுதலும், பெறுபவர் தமக்கு அளித்த உரிமையின் எல்லையில் நிற்றலும் கூடிய இடத்தில், தொலைவில் உள்ள பலரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தவர்போல் ஒன்றுபட்டு உழைக்கலாம்.