கல்லில் தங்கிய கலைகள்

நுழையும்முன்

பாடல், பாடி முடிந்த கணத்திலேயே காற்றில் கரைகிறது. ஓவியம் ஈரத்தாலும் வெயிலாலும் மங்குகிறது. மரமும் செங்கல்லும் மண்ணோடு கலக்கின்றன. இவ்வாறு அழியும் இயல்புடைய கலைகளின் சுவடுகள் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்தும் நிலைபெற்றது எவ்வாறு? சென்னையின் தென்புறநகர்ப் பகுதியிலிருந்து இவ்வினாவிற்கான விடையைத் தேடுகிறது இப்பாடம்.

ஊருக்கு வடக்கும் தெற்கும்

பெருங்களத்தூரிலிருந்து சென்னைக் கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர்வண்டியில் நான்காவது நிலையம் பல்லாவரம். எதிர்த்திசையில் சென்றால் செங்கல்பட்டு. அதனை அடுத்துள்ளது வல்லம். இவ்விரண்டு ஊர்களிலும் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் உள்ளன. ஏறத்தாழ பொ.ஆ. 590 முதல் 630 வரை ஆட்சிபுரிந்தவன் அம்மன்னன்.

பல்லாவரத்துக் குடைவரை ஐந்து கருவறைகளைக் கொண்டது. மன்னனின் பட்டப்பெயர்கள் அதில் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. இன்று அது இசுலாமியரின் வழிபாட்டிடமாக விளங்குகிறது. வழிபடுவோர் மாறினும், வழிபாட்டிடம் என்னும் நிலை மாறாமையால் அது மக்கள் வாழ்வோடு இணைந்தே இருந்து வருகிறது. வல்லத்துக் குடைவரை, மகேந்திரனுக்கு அடங்கிய சிற்றரசனான வயந்தப்பிரியனின் மகன் கந்தசேனன் செய்வித்தது. இச்செய்தியை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு உரைக்கிறது. பேரரசன் தொடங்கிய புதுமரபைச் சிற்றரசர்களும் விரும்பி ஏற்றனர் என்பதற்கு அது சான்றாகிறது.

செங்கல்லிலிருந்து கல்லுக்கு

மகேந்திரனுக்கு முன்னர்த் தமிழகக் கோயில்கள் செங்கல், மரம், சுதை ஆகியவற்றால் அமைந்தன. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் நிகழ்ந்த அகழாய்வில் பழைமையான செங்கற்கோயில் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. அதன் மேற்பகுதி காலத்தால் அழிந்துபோயிருந்தது. செங்கற்கோயில்கள் எய்திய முடிவை அது காட்டுகிறது.

நடுகல், நினைவுச்சின்னம் எனக் கல் இறந்தோர் நினைவோடு தொடர்புற்றிருந்தமையால், இறைக்கோயிலுக்கு அதனைப் பயன்படுத்தத் தயக்கம் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அத்தயக்கத்தைக் கடந்தவன் மகேந்திரன். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்குமின்றி, நான்முகன், சிவன், திருமால் ஆகியோருக்கு இக்கோயிலை விசித்திரசித்தன் எடுத்தான் என்று மண்டகப்பட்டுக் கல்வெட்டு பெருமிதத்துடன் கூறுகிறது. விசித்திரசித்தன் என்பது ‘புதுமை நாடும் உள்ளத்தான்’ எனப் பொருள்படும் அவனது பட்டப்பெயர்.

அப்பணி எளிதன்று. தொண்டைநாட்டுப் பாறைகள் மிகக் கடினமானவை. சிற்பிகள் முதலில் பாறையின் முகப்பைச் சமப்படுத்தினர். பின்னர் அதனைச் சிறு சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றாகச் செதுக்கி அகற்றியவாறு உள்நோக்கிச் சென்றனர். மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாத குடைவரைகளில் இம்முறையை இன்றும் நேரில் காணலாம். பாறையின் வன்மையே வடிவத்தையும் அமைத்தது. மகேந்திரன் காலத் தூண்கள் மேலும் கீழும் சதுரமாகவும், நடுவே எண்பட்டையாகவும் அமைந்து, மிகுதியான அணிவேலைப்பாடின்றிக் காட்சியளிக்கின்றன. எளிமையே அவற்றின் அழகு.

தெரிந்து தெளிவோம்

பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் காணப்படும் பாறைவகை ‘சார்னோக்கைட்’ எனப்படும். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கல் இப்பாறையால் ஆனது. அவர் பெயரே பாறைக்கும் வழங்கலாயிற்று. பல்லாவரத்தில்தான் 1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூசு பூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார்.

வண்ணமும் இசையும்

மகேந்திரனின் பட்டப்பெயர்களுள் ‘சித்திரகாரப்புலி’ என்பது அவனது ஓவியத் திறனைச் சுட்டும். மத்தவிலாசப் பிரகசனம் என்னும் வடமொழி நகைச்சுவை நாடகத்தை இயற்றியவனும் அவனே. ஆயினும், ஓவியருள் புலி எனப் புகழப்பட்ட அவன் கையால் தீட்டிய ஓவியம் எனத் துணிந்து கூறத்தக்க ஒன்றும் இன்று இல்லை. பல்லவர் ஓவியத்தின் எச்சங்களை இராசசிம்மன் எடுத்த காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் பனைமலைக் கோயிலிலும் காண இயல்கிறது. பிற்காலத்தில் பூசப்பட்ட சுண்ணச் சாந்துக்கு அடியில் மறைந்திருந்த காஞ்சி ஓவியங்களை, 1931ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் வெளிப்படுத்தினார்.

இசையின் நிலை வேறு. புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில், குடைவரைக்கு அருகிலுள்ள பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில் இசைக்கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் இது, மத்திமகிராமம், சட்சகிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்திமம், கைசிகம் என்னும் ஏழு பண்வகைகளுக்குரிய சுரக்கோவைகளைத் தருகிறது. ஒவ்வொரு சுரமும் அ, இ, உ, எ என்னும் நான்கு உயிரொலிகளோடு வேறுபடுத்தி எழுதப்பட்டுள்ளது. இதனைப் பொறித்தவன் மகேந்திரனே என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அச்சுரக்குறிகளின் நுட்பமும் முழுமையாகத் தெளிவாகவில்லை. ருத்திராசாரியரின் மாணவனாகிய மன்னன் ஒருவன் மாணாக்கர் நலன் கருதி இதனைச் செய்தான் என்பதைக் கல்வெட்டே தெரிவிக்கிறது. ஆசிரியர் வாய்வழியாகக் கற்பிக்கும் இசை, பாடநூலாய்ப் பாறையில் ஏறியது இவ்வாறே.

காக்கும் கடமை

கட்டடம் முழுமையாக நிற்கிறது. ஓவியம் துண்டுகளாக எஞ்சுகிறது. இசை குறியீடாக மட்டுமே வாழ்கிறது. மூன்றையும் கல் தாங்கியது. ஆயினும் மூன்றையும் ஒரே அளவில் காக்க அதனால் இயலவில்லை. கல்லும் முற்றிலும் அழியாப் பொருளன்று. சுண்ணப்பூச்சு எழுத்தை மறைக்கும். பெயர்களைக் கிறுக்கும் கைகள் சிற்பத்தைச் சிதைக்கும். பாறையை உடைத்தால் வரலாறே தூளாகும். சிதைந்த சுரக்குறி ஒன்றை மீண்டும் எழுதுவதற்கு அதனை அறிந்தவர் இன்று எவரும் இலர். எனவே, எஞ்சியவற்றைக் காப்பது பழம்பெருமை பேசுதற்காக மட்டுமன்று. இன்னும் படித்து முடிக்கப்படாத ஏடுகளை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தற்காகவும் ஆகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தொன்மையான கோயில் அல்லது குடைவரை ஒன்றைக் கண்டு, அதன் தூண்களின் அமைப்பை வரைபடத்துடன் விளக்குக.

2. குடுமியான்மலைக் கல்வெட்டு கூறும் ஏழு பண்வகைகளையும் பட்டியலிட்டு, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் தமிழிசைச் சுரங்களைப் பற்றி இசையாசிரியரிடம் கேட்டறிந்து குறிப்பெழுதுக.

3. ‘கல்வெட்டுகளைக் காப்பது யார் பொறுப்பு?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.