மலைக்குக் காவலிருக்கும் ஊர்

மாணவர்களே, ஜூன் மாதக் காலை ஒன்றில் கப்பலின் மேல்தளத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். உச்சிகளில் இன்னும் கரையாத பனி. 'ஏழு சகோதரிகள்' என்று பெயர் பெற்ற அருவி ஏழு வெள்ளை நூல்களாகப் பிரிந்து விழுகிறது. கப்பலின் கீழே தண்ணீர் அசைவின்றிக் கிடக்கிறது. ஏரி என்றே நினைப்பீர்கள். ஆனால் இது கடல்! திறந்த கடலிலிருந்து மலைகளுக்குள் நெடுந்தூரம் புகுந்துவிட்ட கடலின் ஒரு விரல் இது.

இதுதான் நார்வே நாட்டின் கெய்ராங்கர் ஃபியோர்டு. நீளம் சுமார் 15 கிலோமீட்டர். 2005 ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. இதன் கோடியில் கெய்ராங்கர் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஆண்டு முழுவதும் அங்கே குடியிருப்போர் ஏறக்குறைய இருநூறு, இருநூற்றைம்பது பேர்தாம். கோடையில் ஒரே கப்பல் அதைப் போல் பல மடங்கு பயணிகளை இறக்கிவிடும். கரையோரம் கடைகள், கூடாரம் அடிக்கும் திடல், சற்று மேட்டில் 1842 இல் கட்டப்பட்ட எண்கோண வடிவ வெள்ளைத் தேவாலயம்.

படம் பிடித்துக்கொண்டே நடக்கும் பயணிகளில் பலர் கவனிக்காத ஒன்று அந்த ஊரில் உண்டு. அதுதான் சைரன். எதற்காக? சற்றுத் தொலைவில் ஒரு மலைச்சரிவு மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. அது விழுந்தால் கெய்ராங்கரைச் சுனாமி தாக்கும்.

பனி செதுக்கிய பள்ளத்தாக்கு

ஃபியோர்டு எப்படி உருவானது? பனியூழிக் காலங்களில் நார்வே முழுவதும் பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தது. சில இடங்களில் அதன் தடிமன் 2 கிலோமீட்டருக்கும் மேல். பனிக்கட்டி திடப்பொருள்தான். ஆனாலும் அவ்வளவு எடை அழுத்தும்போது அது கீழ்நோக்கி மெதுவாக நகரும். அதையே பனியாறு என்கிறோம். பனியாற்றின் அடியில் சிக்கிய கற்கள் உப்புத்தாள்போல் பாறையைத் தேய்த்துக்கொண்டே போகும்.

ஓர் ஆறு பள்ளத்தாக்கை வெட்டினால் அதன் குறுக்குவெட்டு ஆங்கில 'வி' எழுத்தைப் போல் இருக்கும். பனியாறு அடித்தளத்தையும் பக்கங்களையும் சேர்த்தே குடைவதால் 'யு' வடிவம் கிடைக்கும். சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனியூழி முடிந்தது. பனி விலகிய பள்ளத்தில் கடல் புகுந்தது. செங்குத்துச் சுவரும் ஆழமான நீரும் ஒரே இடத்தில் அமைந்த கதை இதுதான்.

மலை ஏன் பிளக்கிறது?

நிரம்பிய புத்தக அலமாரியில் ஓரத்துப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பக்கத்தில் இருந்தவை சாயும். பனியாறும் அப்படித்தான். அது இருந்தவரை இரு பக்கச் சுவர்களையும் தாங்கிக்கொண்டிருந்தது. அது உருகியதும் சுவர்கள் தாங்கல் இழந்தன. பாறையில் ஏற்கெனவே இருந்த பலவீனமான அடுக்குகள் வழியே பிளவுகள் திறக்கத் தொடங்கின.

அந்தப் பிளவில் மழைநீர் இறங்குகிறது. குளிர்காலத்தில் உறைகிறது. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த விரிவு பாறையை நெம்புகிறது. வசந்தத்தில் பனி உருகும்போதோ நீர் ஆழமாக இறங்கி, பாறைப் பரப்புகளுக்கு இடையே அழுத்தத்தைக் கூட்டி, உராய்வைக் குறைக்கிறது. ஈர்ப்பு விசை எப்போதும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. உராய்வு தோற்கும் நாளில் மலை விழும்.

1934, ஏப்ரல் 7

இது வெறும் கற்பனை அச்சமன்று. கெய்ராங்கருக்கு வடகிழக்கே தாஃபியோர்டு என்னும் ஊர் உள்ளது. 1934 ஏப்ரல் 7 ஆம் நாள், பொழுது விடியுமுன்னர், 2 முதல் 3 மில்லியன் கன மீட்டர் பாறை ஃபியோர்டுக்குள் சரிந்தது. விழுந்த இடத்துக்கு அருகே நீர் 60 மீட்டருக்கும் மேல் எழும்பியது. ஏறக்குறைய 20 மாடிக் கட்டட உயரம்! தாஃபியோர்டிலும் அடுத்திருந்த ஃபியோரா என்ற ஊரிலும் 40 பேர் மாண்டனர். மலையில் பிளவு இருப்பதை ஊரார் அறிந்தே இருந்தார்கள். அது எப்போது விழும் என்று சொல்லத்தான் அன்று வழியில்லை.

இப்போது கெய்ராங்கருக்கு வருவோம். அந்த ஃபியோர்டின் வாயிலுக்குச் சற்று வடக்கே ஓக்னெசெட் என்ற மலைச்சரிவு இருக்கிறது. அதன் மேற்பகுதியில் அரை கிலோமீட்டருக்கும் அதிக நீளமான பிளவு ஓடுகிறது. சரிவு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. மொத்தமாக விழுந்தால் 50 மில்லியன் கன மீட்டருக்கும் மேற்பட்ட பாறை நீரில் இறங்கும் என்று கணித்துள்ளார்கள். தாஃபியோர்டில் விழுந்ததைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு. ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றின் கொள்ளளவு 2,500 கன மீட்டர் என்று வைத்தால், 20,000 குளங்களை நிரப்பும் பாறை!

எவ்வளவு நேரம் கிடைக்கும்?

நாமே கணக்கிடலாம். அலையின் நீளம் நீரின் ஆழத்தைவிட மிகப் பெரிதாக இருக்கும்போது, அதன் வேகத்தை இந்த எளிய சூத்திரம் தரும்:

வேகம் = √(ஈர்ப்பு முடுக்கம் × நீரின் ஆழம்)

ஃபியோர்டின் ஆழத்தை 250 மீட்டர் என்று கொள்வோம். 9.8 × 250 = 2,450. இதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 50. அதாவது விநாடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர். ஓக்னெசெட்டிலிருந்து கெய்ராங்கருக்கு நீர்வழித் தூரம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். 20,000 ÷ 50 = 400 விநாடி. ஏழு நிமிடம்கூட இல்லை. ஊரை நெருங்க நெருங்க ஆழம் குறைவதால் அலையின் வேகமும் குறையும். ஆகவே ஏறக்குறைய 10 நிமிடம் கிடைக்கும் என்பது வல்லுநர்களின் மதிப்பீடு. இன்னும் அருகிலுள்ள ஹெல்லசில்ட் என்ற ஊருக்கு 5 நிமிடமே.

இதை நம் ஊர் அனுபவத்தோடு ஒப்பிடுங்கள். 2004 டிசம்பர் 26 காலை, மலேசிய நேரப்படி 9 மணிக்குச் சற்று முன் சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தது. பினாங்குக் கரையை அலை தொட்டபோது பிற்பகல் 1 மணி. நான்கு மணி நேரம் இருந்தும் எச்சரிக்க அன்று ஏற்பாடு இல்லை. அதன் பிறகு கடலில் மிதவைகளும் கரையில் சைரன்களும் வந்தன. பெருங்கடலில் அலை புறப்பட்ட பின்பும் எச்சரிக்க நேரம் உண்டு. ஃபியோர்டில் அந்த வசதி கிடையாது. முதியவர்களும் குழந்தைகளும் ஆயிரக்கணக்கான பயணிகளும் பத்தே நிமிடத்தில் மேடேற முடியுமா?

எனவே கெய்ராங்கர் மக்களுக்கு அலையைக் கண்காணிப்பது போதாது. மலையைக் கண்காணிக்க வேண்டும்.

மலையின் நாடித்துடிப்பு

பெரும் பாறைச் சரிவு திடீரென நடப்பதாகத் தோன்றினாலும், பெரும்பாலும் அது முன்கூட்டியே அறிகுறி காட்டும். பாறையை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் பகுதிகள் ஒவ்வொன்றாக உடைய, நகர்வு வேகமெடுக்கும். ஆண்டுக்குச் சென்டிமீட்டர் என்பது நாளுக்கு மில்லிமீட்டராகும். பிறகு நாளுக்குச் சென்டிமீட்டராகும்.

அதனால் ஓக்னெசெட்டில் பிளவின் அகலத்தை அளக்கும் கருவிகள், ஜி.பி.எஸ். ஏற்பிகள், லேசர், ரேடார், பாறைக்குள் எழும் சிறு அதிர்வுகளைக் கேட்கும் உணரிகள், துளையிட்ட கிணறுகளில் நீர்மட்டமும் நகர்வும் அளக்கும் கருவிகள் எனப் பல வைத்திருக்கிறார்கள். ஒரு கருவி பழுதானாலும் மற்றொன்று பார்த்துக்கொண்டிருக்கும். நார்வேயின் நீர்வளம், எரிசக்தி இயக்குநரகம் இரவு பகலாக இந்தத் தரவுகளைக் கவனிக்கிறது. நகர்வின் வேகத்தைப் பொறுத்து அபாய நிலை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று உயரும். அலை எழுவதற்குச் சில நாள்கள் முன்னரே ஊரைக் காலி செய்ய வேண்டும் என்பதே நோக்கம்.

பதினாறு முறை

இந்த முறை பலிக்குமா? அதே நார்வேயில் ரோம்ஸ்டாலன் பள்ளத்தாக்கில் வெஸ்லெமன்னன் என்ற பாறைப் பகுதி 2014 இல் வேகமாக நகரத் தொடங்கியது. அடிவாரத்தில் இருந்த சில வீட்டார் வெளியேற்றப்பட்டனர். பாறை விழவில்லை, வீடு திரும்பினர். மீண்டும் மழை, மீண்டும் நகர்வு, மீண்டும் வெளியேற்றம். ஐந்து ஆண்டுகளில் இப்படிப் பதினாறு முறை! 2017 இல் பிளவுக்குள் நீரைப் பாய்ச்சி அதை விழவைக்கவும் முயன்றார்கள். அப்போதும் அது அசைந்து கொடுக்கவில்லை.

2019 செப்டம்பர் 5 ஆம் நாள் அது விழுந்தது. கீழே யாரும் இல்லை. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பதினைந்து முறை வீணாக அலைந்தோமே என்று அவர்கள் பதினாறாவது முறை மறுத்திருந்தால்? அறிவியலால் 'இந்த நாளில், இந்த மணிக்கு' என்று சொல்ல முடிவதில்லை. 'ஆபத்து கூடியிருக்கிறது' என்று சொல்ல முடியும். அதைக் கேட்டு நடப்பது மனிதர் கையில்.

இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தியபோது மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், அவ்வளவு பயம் இருந்தால் அந்த ஊர் மக்கள் ஏன் வேறு இடத்துக்குப் போகவில்லை?" நல்ல கேள்வி. நான் அவளிடம் திருப்பிக் கேட்டேன்: "வெள்ளம் வரும் என்று தெரிந்தும் ஆற்றோரத்தில் நம்மவர்கள் ஏன் இருக்கிறார்கள்?" வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள்: வீடு, வேலை, தாத்தா பாட்டி இருந்த இடம். கெய்ராங்கர் மக்களுக்கும் அவையே காரணம். அவர்கள் ஆபத்தை மறக்கவில்லை. அதை அளந்துகொண்டு வாழ்கிறார்கள்.

என்றாவது நீங்கள் அந்த ஊருக்குப் போனால் அருவியைப் பாருங்கள், படம் எடுங்கள். தங்கும் இடத்தில் வெளியேறும் வழி எது என்பதையும் கேட்டு வையுங்கள்.

செய்து பாருங்கள்

நீளமான, குறுகிய தட்டு ஒன்றில் பாதி அளவு நீர் ஊற்றுங்கள். ஒரு முனையில் பலகையைச் சாய்த்து வைத்து, அதன்மேல் ஒரு கல்லைச் சரியவிடுங்கள். மறுமுனையில் நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று குறியுங்கள். பிறகு அகலமான தொட்டியில் அதே ஆழத்துக்கு நீர் ஊற்றி, அதே கல்லைக் கொண்டு மறுபடியும் செய்யுங்கள். எதில் அலை உயரம்? ஏன்?

சிந்தியுங்கள்

1. நீரின் ஆழம் 4,000 மீட்டராக இருந்தால் சுனாமி அலையின் வேகம் என்ன? மலாக்கா நீரிணையில் அலை ஏன் மெதுவாக வந்தது?

2. ஓக்னெசெட் பாறைக்குள் சேரும் நீரைத் துளையிட்டு வடித்துவிட்டால் நகர்வு குறையுமா? உராய்வைக் கொண்டு விளக்குங்கள்.

3. விழாத பாறைக்காக வீட்டைவிட்டு வெளியேறியது வீண் வேலையா? உங்கள் கருத்தை ஐந்து வரியில் எழுதுங்கள்.