பழைய கையேடு தந்த பாடம்

கருமத்தம்பட்டியில் நான் பணியாற்றும் பள்ளியில், பழைய வினாத்தாள் கோப்பு ஒன்றைக் கணினியில் திறந்தேன். தமிழுக்குப் பதில் புரியாத குறிகளே வந்தன. ஒருங்குறி பரவும் முன் தட்டச்சு செய்த கோப்பு அது. அன்று ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துகளுக்குத் தனித்தனியே எண் கொடுத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியீடுகளையும் பரிந்துரைத்தது அதனால்தான்.

எடைக்குப் போடக் கட்டிவைத்த தாள்களுக்குள் அந்த மென்பொருளின் கையேடு கிடைத்தது. அதிலிருந்த எழுத்து அட்டவணையைக் கொண்டு மாணவர்கள் வினாத்தாளை வரிவரியாக மீட்டனர். பிறகு கையேட்டையே மின்படியாக்கினோம்.

செயல்பாடு:

1. துருப்பிடித்த கம்பிகளை நீக்கி, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுதல்.
2. அட்டை முதல் அட்டை வரை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தல். பொடி எழுத்து அட்டவணைக்கு 600.
3. ஒரு மாணவர் பக்க எண்ணைச் சொல்ல, மற்றவர் திரையில் சரிபார்த்தல். முதல்முறை இரண்டு பக்கங்கள் விடுபட்டதை இப்படித்தான் கண்டோம்.
4. கோப்பின் பெயரில் மென்பொருள், பதிப்பு, ஆண்டு குறித்தல்.
5. மூன்று படிகள் வைத்தல். அவற்றில் ஒன்று வேறு இடத்தில்.

பதிப்புரிமை பற்றியும் பேசினோம். உரிமையாளரின் அனுமதியின்றி இணையத்தில் ஏற்றவில்லை. அசல் கையேடு நூலகத்தில் இருக்கிறது.

ஆசிரியர்களே, பழைய தாள்களை எடைக்குப் போடுமுன் மாணவர்களோடு ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.