நம்பிக்கைகளும் உண்மைகளும்: விமானச் சக்கரத்துக்கு ஒர்க்‌ஷாப் ஞானம் போதுமா?

சொந்தமாக விமானம் கட்டுவது நம் ஊரில் நடக்கிற காரியமா என்று மேல்பட்டாம்பாக்கத்து டீக்கடையில் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் 1910-லேயே சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ், தாம் வடிவமைத்த விமானத்தைச் சிம்சன் கம்பெனியில் செய்யச் சொல்லிப் பறந்து காட்டியிருக்கிறார். மும்பை மொட்டைமாடியில் அமோல் யாதவ் கட்டிய ஆறு இருக்கை விமானம் 2017-இல் முறையாகப் பதிவானது.

இறக்கை, எஞ்சின் என்றால் எல்லோரும் பயந்து பயந்துதான் கை வைப்பார்கள். சக்கரம், பிரேக் என்றதும் ‘இது நமக்குத் தெரிஞ்ச வேலைதானே’ என்று ஒரு துணிச்சல் வந்துவிடும். வில்லங்கமே அதில்தான்.

“பிரேக் ஆயில் எல்லாம் ஒன்றுதான்.” இல்லவே இல்லை. கடையில் கிடைக்கும் டாட்-3, டாட்-4 கிளைக்கால் வகை. சிறு விமானங்களில் பெரும்பாலும் ஊற்றுவது 5606 எனப்படும் சிவப்பு நிற மினரல் ஆயில். அதற்கென்று நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் போட்டிருப்பார்கள். அதில் கார் ஆயிலை ஊற்றினால் ரப்பர் கெட்டு ஒழுகத் தொடங்கும். கார் சீலில் சிவப்பு ஆயிலை ஊற்றினாலும் சீல் உப்பி நாசமாகும். கார் ஆயிலுக்கு ஏற்ற சீலோடு வருகிற கிட்களும் உண்டு. ஆகவே உள்ளே இருப்பது எந்த சீல் என்று தெரிந்த பிறகுதான் டின்னைத் திறக்க வேண்டும்.

“பஞ்சர்தானே, நட்டைக் கழற்று.” இதில் உயிரே போயிருக்கிறது. சிறு விமானத்தின் ரிம் இரண்டு பாதிகளாக இருக்கும். போல்ட்தான் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆட்டோ, பழைய பஜாஜ் ஸ்கூட்டர் பார்த்த மெக்கானிக்குகளுக்கு இது புதிதல்ல. டயரில் காற்று இருக்கும்போதே அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் பாதி ரிம் முகத்தை நோக்கிப் பாயும். போல்ட் ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கவும் கூடும். அதனால் அச்சு நட்டைத் தொடுவதற்கு முன்பே வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும். திரும்பப் பூட்டும்போது கை அளவு கணக்கில்லை. தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச் வைத்துத்தான் முறுக்க வேண்டும்.

“பெடலை மிதித்து மிதித்து ஏர் எடுத்துவிடலாம்.” காரில் பழகிய கை அப்படித்தான் செய்யும். விமானத்தில் மாஸ்டர் சிலிண்டர் பெடலோடு மேலே, காலிபர் கீழே. நடுவில் நீளமான குழாய். காற்றுக்குமிழி மேலே ஏறத்தான் பார்க்கும். சக்கரப் பக்கமிருந்து ஆயிலை மேல்நோக்கித் தள்ளினால் காற்று தானாக வெளியேறும்.

“பிரேக்கின் வேலை நிறுத்துவது மட்டும்தான்.” முன்சக்கரம் தன்போக்கில் இருபுறமும் திரும்பும்படி அமைந்த விமானங்கள் ஏராளம். அவை தரையில் மெதுவாகப் போகும்போது திரும்புவதே இடது, வலது பிரேக்கைத் தனித்தனியாக மிதித்துத்தான். எஞ்சினையும் முறுக்கிவிட்டுப் பிரேக்கையும் மிதித்தபடி ஓட்டினால் டிஸ்க் கொதிக்கும். தொழிற்சாலையில் செய்த சிர்ரஸ் விமானங்களிலேயே இப்படிச் சூடேறி, ஓ-ரிங் கெட்டு, ஆயில் கசிந்து தீப்பிடித்திருக்கிறது. சக்கரத்தை மூடும் ஃபேரிங் அழகுதான். ஆனால் உள்ளே நடப்பதை மறைத்துவிடும். அதைக் கழற்றி லைனிங்கைப் பாருங்கள். கிளீவ்லேண்ட் பிரேக் என்றால் 2.5 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் மாற்ற வேண்டும். புது லைனிங்கும் முதல் நாளே பிடிக்காது; கம்பெனி சொன்னபடி சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும்.

காலிபர் பின்னில் கிரீஸை அப்புவது இன்னொரு பழக்கம். நெய்வேலி ஓடுதளமோ, உளுந்தூர்பேட்டையின் பழைய போர்க்கால ஓடுதளமோ, புழுதி எங்கும் ஒன்றுதான். கிரீஸில் ஒட்டிப் பின்னையே அரைத்துவிடும். உலர் மசகுதான் சரி. கடலூர்க் காற்றில் மாதக்கணக்கில் சும்மா நிற்கிற விமானத்தின் டிஸ்க், ஓடித் தேய்வதைவிடத் துருவில் சீக்கிரம் போகும்.

கடைசியாக, பார்க்கிங் பிரேக்கை நம்பி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: அடைபட்ட ஆயில் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும், பிடி தளரும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், இறக்கையைக் கயிற்றால் கட்டுங்கள், பிரேக்கை விடுவித்துவிட்டுக் கிளம்புங்கள்.