குடல் அறுவை சிகிச்சையா? சீக்கிரம் எழுந்து நடக்க நீங்கள் செய்ய வேண்டியவை

"முந்தின நாள் ராத்திரியே வாயைக் கட்டணும். ஆபரேஷன் முடிஞ்சா அசையாமப் படுக்கணும். காத்து பிரிஞ்ச பிறகுதான் தண்ணியே கொடுக்கணும்." அம்பாசமுத்திரமோ சேரன்மகாதேவியோ, குடல் ஆபரேஷன் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதுதான். ஒரு காலத்தில் மருத்துவர்களும் இப்படித்தான் சொன்னார்கள். இப்போது முறை மாறியிருக்கிறது.

1990களில் டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் தொடங்கிவைத்த இந்த முறைக்கு 'விரைவு மீட்பு' (சுருக்கமாக ஈராஸ்) என்று பெயர். பட்டினியையும் படுக்கையையும் குறைத்தால் உடல் வேகமாகத் தேறும் என்பதே இதன் அடிப்படை. ஸ்டாக்ஹோமில் 953 குடல் புற்றுநோய் நோயாளிகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு, விதிகளை அதிகம் கடைப்பிடித்தவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு என்று காட்டியது. அதாவது, டாக்டர் மட்டும் செய்தால் போதாது. நீங்களும் குடும்பமும் சேர்ந்து செய்ய வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்

• பீடி, சிகரெட், மது: குறைந்தது 4 வாரத்துக்கு முன்பே நிறுத்துங்கள்.
• ரத்தசோகை, சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் முன்பே சொல்லிச் சரிசெய்யுங்கள். சாப்பிடும் மாத்திரைகளை போனில் படம் எடுத்துக் காட்டுங்கள்.
• பொதுவாகத் திட உணவு 6 மணி நேரம் முன்பு வரை, தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் 2 மணி நேரம் முன்பு வரை அனுமதி உண்டு. பால் சேர்த்த டீ, காபி திட உணவுக் கணக்கில் வரும். "ஒரு வாய் டீதானே" என்று குடித்தால் ஆபரேஷனே தள்ளிப்போகலாம். உங்களுக்கான நேரத்தை மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டு, போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும், குடல் அடைப்பால் அவசரமாக வருபவர்களுக்கும் விதி வேறு.

ஆபரேஷனுக்குப் பின்

• டாக்டர் அனுமதித்ததும் அன்றே உட்காருங்கள். மறுநாள் வார்டுக்குள் நடங்கள். நடந்தால் நுரையீரலில் சளி தேங்காது; காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் குறையும்.
• வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்காதீர்கள். வலி இருந்தால் நடக்க முடியாது, ஆழமாக மூச்சுவிட முடியாது. நர்ஸிடம் சொல்லுங்கள்.
• வாந்தி இல்லையென்றால் தண்ணீர், கஞ்சி, பிறகு இட்லி என்று சீக்கிரமே தொடங்கச் சொல்வார்கள். பயப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கொண்டுவரும் அல்வாவும் பிரியாணியும் காத்திருக்கட்டும்.
• சிறுநீர்க் குழாயை எப்போது எடுப்பீர்கள் என்று கேளுங்கள். அது தேவைக்கு மேல் இருந்தால் கிருமித்தொற்று வரலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு: இதுதான் முக்கியம்

சீக்கிரம் வீடு திரும்பினால் செலவும் அலைச்சலும் மிச்சம். கூட இருப்பவரும் வேலைக்குப் போகலாம். ஆனால் குடலைத் தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால், அது பல நேரம் சில நாள் கழித்துத்தான் தெரியவரும். அப்போது நீங்கள் வார்டில் இல்லை, வீட்டில் இருப்பீர்கள். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, வயிறு உப்புதல், தொடர் வாந்தி, புண்ணில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். உடனே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் என்றால் 108-ஐ அழையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனிலும் வையுங்கள்.

காப்பீடு

ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு மிகாத குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். குடும்ப அட்டை, ஆதாருடன் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தை அணுகுங்கள். உங்கள் சிகிச்சை திட்டத்தில் வருகிறதா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் முன்பே கேட்டுவிடுங்கள்.

டாக்டரிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: "நான் சீக்கிரம் தேற என்ன செய்யணும்?" பதிலை எழுதிக்கொண்டு, அதன்படி நடங்கள்.