புதன் கோளில் செலினியம்: அசிமோவின் 'ரன்அரவுண்ட்' சிறுகதையில் ஒரு தனிமத்தின் பணி

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைகதை, செலினியம், ஐசக் அசிமோவ், எந்திரன் விதிகள், கருப்பொருள்

அறிவியல் புனைகதையில் இடம்பெறும் பொருள்கள் இருவகைப்படும். ஆசிரியர் தாமே படைத்துக்கொள்வன ஒருவகை. தனிம அட்டவணையிலிருந்து எடுத்தாள்வன மற்றொரு வகை. முன்னதற்கு வேண்டிய பண்பை ஏற்றிக்கொள்ளலாம். பின்னதில் அவ்வுரிமை இல்லை. 'ஸ்டார் டிரெக்' தொடரின் தொடக்கப் பகுதிகளில் விண்கலத்திற்குத் தேவைப்பட்ட லித்தியப் படிகம் பின்னர் 'டைலித்தியம்' எனப் பெயர் மாறியது இங்கு நினைக்கத்தக்கது. 1942 மார்ச்சில் வெளிவந்த 'ரன்அரவுண்ட்' இதற்கு மாறாக உண்மைத் தனிமம் ஒன்றை நம்பியே நிற்கிறது. எந்திரன்களுக்கான மூன்று விதிகளும் முதன்முதலாக வெளிப்படையாக வகுத்துரைக்கப்பட்ட கதை என்பதே இதன் புகழ். அவ்விதிகள் முரண்படுவதற்குக் களம் அமைப்பது செலினியம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

புதன் கோளில் பவல், டோனவன் என்னும் இருவர் தங்கியுள்ளனர். கதிரவன் வெம்மையிலிருந்து அவர்களைக் காக்கும் ஒளிமின்கலத் தொகுதிகளுக்குச் செலினியம் தேவை. அதனைக் கொணர 17 மைல் தொலைவிலுள்ள குட்டைக்கு 'ஸ்பீடி' என்னும் எந்திரன் அனுப்பப்படுகிறது. கட்டளை அழுத்தமின்றி இடப்பட்டது. விலைமிக்க எந்திரனாதலின் தற்காப்புக்குரிய மூன்றாம் விதி அதனிடம் வலுவாக்கப்பட்டிருந்தது. குட்டையருகே கார்பன் மோனாக்சைடு இரும்பைத் தாக்கும். கீழ்ப்படிதல் முன்னே ஈர்க்க, அச்சம் பின்னே தள்ள, இரண்டும் சமனாகும் வட்டத்தில் ஸ்பீடி சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆக்சாலிக் அமிலத்தை வெப்பத்தாற் சிதைத்து அவ்வளியைப் பெருக்கியும் பயனில்லை, வட்டம்தான் மாறுகிறது. இறுதியில் பவல் தம்முயிரைப் பணயம் வைக்க, மனிதரைக் காக்கும் முதல் விதி ஸ்பீடியை மீட்கிறது. 1941இல் வேதியியலில் முதுகலை முடித்தவரின் கைத்திறம் இங்குத் தெளிவாகப் புலனாகிறது.

ஒளிபட்டால் செலினியத்தின் மின்தடை குறையும் என்பதை 1873இல் வில்லோபி ஸ்மித் அறிவித்தார். 1930களில் ஒளிப்படக் கலைஞரின் ஒளிமானியிலும் அது இருந்தது. ஆகவே 'ஒளிமின்கலத்திற்குச் செலினியம்' என்பது அக்கால வாசகர்க்கு விளக்கம் வேண்டாத செய்தி. 1817இல் இதனைக் கண்டறிந்த பெர்சீலியசு கிரேக்க நிலவுத் தெய்வத்தின் பெயரை இட்டார். நிலவின் பெயருடைய பொருள் கதிரவனுக்கு மிக அண்மைக் கோளில் தேடப்படுவது சுவையான முரண். எனினும் இதனை ஆசிரியரின் உட்குறிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை.

கதையின் அறிவியல் முழுதும் நிலைக்கவில்லை. புதன் ஒரே முகத்தைக் கதிரவனுக்குக் காட்டுகிறது என்னும் கருத்தை 1965ஆம் ஆண்டு ரேடார் ஆய்வு தகர்த்தது. பகற்புற வெப்பம் ஏறத்தாழ 430 பாகை செல்சியசு. செலினியம் 221 பாகையில் உருகும். எனவே நீர்மநிலை இயல்பே. ஆனால் காற்றுமண்டலம் இல்லாத வெளியில் அக்குட்டை ஆவியாகிவிடும். செலினியத்தின் குடும்பத்தைச் சேர்ந்த கந்தகம் புதனின் மேற்பரப்பில் மிகுதியென மெசஞ்சர் விண்கலம் பின்னாளில் காட்டியது. இதனை அசிமோவின் முன்னறிவு என்று போற்றுவது மிகையாகும்.

தமிழ்ப் பொருளிலக்கண நோக்கில் புதனும் அதன் ஓயாப் பகலும் முதற்பொருள், செலினியம் கருப்பொருள் எனலாம். இக்கருப்பொருள் பின்னணியாக மட்டும் நில்லாமல் தயக்கம் என்னும் ஒழுக்கத்தையே தோற்றுவிக்கிறது. அதனிடத்தில் வேறொன்றை வைத்துப் பார்க்கலாம். பொன் 1064 பாகையில் உருகுவது, குட்டையாகாது. கந்தகம் உருகும், ஒளிமின்கலத்திற்கு உதவாது. இரண்டிலும் ஸ்பீடி சுற்றிவர ஒரு குட்டையோ, அதனை அங்கு அனுப்ப ஒரு காரணமோ இல்லாமற் போகிறது.