தெருவில் படம் எடுக்கிறீர்களா? சம்மதக் கையெழுத்து வாங்க 14 குறிப்புகள்

உத்திர ரங்கநாதர் கோயில் வாசலில் பூ கட்டும் அம்மா, பொய்கை செவ்வாய்ச் சந்தையில் மாட்டுக் கயிற்றோடு நிற்கும் பெரியவர், விடிகாலையில் ஷூ கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும் பெண்கள்... நம்ம பள்ளிகொண்டா பக்கம் செல்போனை எங்கே திருப்பினாலும் நல்ல படம்தான். அதை இணையத்தில் விற்கவோ விளம்பரத்துக்குக் கொடுக்கவோ நினைத்தால், படத்தில் இருப்பவரிடம் 'மாடல் ரிலீஸ்' எனும் சம்மதக் கடிதம் வாங்கி வைக்க வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் மனம் கோணாமல் அதை வாங்க, எனக்குக் கைகொடுத்த வழிகள் இதோ.

1. எல்லாப் படத்துக்கும் கையெழுத்துக்கு அலைய வேண்டாம். செய்திப் படத்துக்குப் பொதுவாகக் கேட்பதில்லை; விளம்பரம், காலண்டர், பாக்கெட் அட்டை என்றால் கட்டாயம் வேண்டும். ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே, தமிழ்நாட்டிலிருந்து போன ராஜகோபால் வழக்கில் சொல்லியிருக்கிறது.

2. முகம் தெரியவில்லை என்று அசட்டையாக இருக்காதீர்கள். கையில் குத்திய பச்சையையோ தள்ளுவண்டியையோ பார்த்து "இது நான்தான்" என்று அவர் சொல்ல முடிந்தால் கையெழுத்து வாங்கிவிடுவதே நல்லது. கேட்க நேரமில்லாத இடத்தில் பூச்சரம், நிழல், பாலாற்று மணலில் கால்தடம் என்று எடுத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

3. முதலில் கேட்டால் நிமிர்ந்து நின்று 'போஸ்' கொடுத்துவிடுவார்கள்; இயல்பு போய்விடும். எடுத்த கையோடு பக்கத்தில் போய்ப் படத்தைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்து, போனின் குப்பைத்தொட்டிப் பகுதியிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

4. முறை வைத்துக் கூப்பிட்டாலே பாதி வேலை முடிந்தது. "அக்கா, நான் இந்த ஊர்தான். நீங்க பூ கட்டுற வேகத்தைப் பார்த்து ஒரு படம் எடுத்தேன், பாருங்க" என்று தொடங்கலாம். ஆம்பூர்ப் பக்கம் பெரியவர்களை "பாய்" என்று கூப்பிட்டால் முகம் மலரும்.

5. வியாபார நேரத்தில் குறுக்கே போகாதீர்கள். சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டால், தங்கமான மனிதருக்கும் எரிச்சல் வரும். மாடு கைமாறி, டீக்கடைப் பக்கம் ஒதுங்கும்வரை பொறுத்தால் சிரித்துக்கொண்டே போடுவார்.

6. படம் வாங்கும் ஏஜென்சியின் ஆங்கிலப் படிவத்தை முன்பக்கமும், அதன் சாரத்தை எளிய தமிழில் பின்பக்கமும் ஜெராக்ஸ் எடுங்கள். ஒரே தாளில் இரண்டும் முடியும். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் போனால் தெலுங்கு, உருது தெரிந்த யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏஜென்சிகள் முத்திரைத்தாள் கேட்பதில்லை, வெள்ளைத்தாளே போதும்.

7. உங்கள் பெயர், விலாசம், இடம், தேதி எல்லாவற்றையும் வீட்டிலேயே எழுதிவிடுங்கள். பரீட்சை அட்டையில் தாளைச் செருகி, பேனாவை நூலால் கட்டிவிட்டால் ஒரு நிமிடத்தில் வேலை முடியும். மழைக்காலத்தில் கழுவிக் காயவைத்த பால் கவர் தாளுக்கு நல்ல உறை.

8. மழுப்பாமல் சொல்லுங்கள். "இந்தப் படம் விளம்பரத்துல வரலாம், எந்த ஊர்ல வரும்னு எனக்கே தெரியாது" என்று சொன்ன பிறகு வாங்கும் கையெழுத்துதான் நிற்கும். தயங்கினால் விட்டுவிடுங்கள், படம் நாளைக்கும் கிடைக்கும்.

9. கையெழுத்து வராதவர்களுக்காக ஒரு சின்ன இங்க் பேடு பையில் இருக்கட்டும். இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கி, வாசித்துக் காட்டியது யார் என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தொட்ட பழந்துணியால் துடைத்தால் மை போய்விடும். நாமே துடைத்துவிடுவது மரியாதை.

10. பல ஏஜென்சிகள் சாட்சிக் கையெழுத்தும் கேட்கும். படம் எடுத்தவரும் படத்தில் இருப்பவரும் சாட்சி போட வேண்டாம்; பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். பின்னாளில் படத்தில் இருப்பவரைத் தேடவும் அந்தக் கடைதான் அடையாளம்.

11. 18 வயது நிரம்பாதவர் போடும் கையெழுத்து, 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. அப்பாவோ அம்மாவோ போட வேண்டும். கூட வந்த சித்தியும் பக்கத்து வீட்டு அக்காவும் போதாது. சட்டையில் பள்ளிப் பெயர் தெரிந்தால் அந்தப் படத்தையே தவிர்த்துவிடுங்கள்.

12. ஷூ கம்பெனி, தோல் ஷாப் கேட்டுக்கு உள்ளே எடுப்பதானால் முதலாளியின் எழுத்து அனுமதியும் தனியாக வேண்டும். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது வேலை செய்பவரிடம் கேட்காதீர்கள். பாவம், அவர்களால் மறுக்க முடியாது. வேலை விட்டு வெளியே வந்ததும் கேளுங்கள்.

13. கையெழுத்தானதும் அந்தத் தாளையும் ஒரு படம் எடுங்கள். கேலரியில் ஆளும் தாளும் அடுத்தடுத்து நிற்கும், தேட வேண்டாம். பெயரை மறக்காமல் கேளுங்கள்: 1984-ல் ஸ்டீவ் மெக்கரி பெஷாவர் அகதி முகாமில் எடுத்த 'ஆப்கன் சிறுமி' உலகப் புகழ் பெற்றும், அவர் பெயர் ஷர்பத் குலா என்பது 2002-ல்தான் தெரிந்தது. நம் நாட்டில் புகைப்படத்துக்குக் காப்புரிமை, எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 வருடமும் உண்டு; அதனால் கையெழுத்துத் தாள்களையும் பத்திரமாக வையுங்கள். தாள்களோடு ஒரு துண்டு வசம்பு போட்டு வைத்தால் பூச்சி அண்டாது.

14. கைமாறு இல்லாத ஒப்பந்தம் பொதுவாகச் சட்டத்தில் நிற்காது. அதனால் 'ஒரு பிரிண்ட் பெற்றுக்கொள்கிறேன்' என்று படிவத்தில் ஒரு வரி சேருங்கள். பத்துப் படம் சேர்ந்ததும் ஸ்டுடியோவில் மொத்தமாகப் போட்டால் செலவு குறையும். சொன்னபடி கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். நான் கொடுத்தபோது அந்தப் பூக்கார அம்மா, ஈரக்கையை முந்தானையில் இரண்டு தரம் துடைத்துவிட்டுத்தான் படத்தைத் தொட்டார்கள்.